அவளுக்குச் சத்தம் ஆகவில்லை

போன மாதம் என் மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தார். வந்த காரியத்தைச் சொல்லாமல் இரண்டு தரம் காபி குடித்தார். மூன்று தரம் வெயிலைப் பற்றிப் பேசினார். கடைசியில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தமே எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, உங்க பொண்ணுக்கு இன்னாவோ ஆயிடுச்சு" என்றார்.

புதிதாகக் கிராமபோன் வாங்கியிருக்கிறார். தட்டு சுழல ஆரம்பித்ததும் என் மகள் அந்த அறையை விட்டு எழுந்து போகிறாளாம். முந்தாநாள் ஊசியைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டாளாம்.

"நல்லா இருந்த பொம்பள மாமா. இப்ப வீட்ல நாலு பேரு பேசுனா மூஞ்சிய சுளிக்கிறா. பாத்திரத்த கீழ வெச்சா திட்டறா. நாங்க இன்னா, சைகையிலயா குடும்பம் நடத்தறது?"

"அவளுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

விரல் விட்டுப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு இருக்கும்."

"நாற்பத்தாறு. மேலே ஐந்து மாதம்" என்றேன். எதையும் எண்ணி வைத்திருப்பது என் சுபாவம். அதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். "அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் மூடி வைங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. நாற்பது ரூபாய்ப் பெட்டியாம்.

அவளுடைய அம்மாவுக்கும் அந்த வயசில் இதேதான் வந்தது. அதை விளக்கிச் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. நாலு வாக்கியம் பேசினால் ஐந்தாவது இருமலாகப் போகிறது. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை படித்தாலும் சரி, அவரைப் போல வேறு யாராவது படித்தாலும் சரி.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒரே நீளம். முன்கூடத்தில் மூன்று தறி. ஒன்றில் என் தம்பி, ஒன்றில் தம்பியின் மூத்த மகன், மூன்றாவதில் கூலிக்கு நெய்ய வருகிறவர். நான் நெய்கிறவன் இல்லை. சின்ன வயசிலிருந்தே எனக்கு நெஞ்சு பலமில்லை. தறிக்குழியின் ஈரத்தில் காலை வைத்து உட்கார்ந்தால் இவன் தேறமாட்டான் என்று அப்பா என்னைப் படிக்க அனுப்பிவிட்டார். கணக்கு வாத்தியார் ஆனேன். காலையில் போய்விடுவேன், சாயங்காலம் வருவேன். ஆகவே அந்த வீட்டின் சத்தத்தில் பாதிதான் எனக்கு. முழுவதும் என் மனைவிக்கு.

அவள் மாகறலிலிருந்து வாழ வந்தபோது பதினாலு வயசு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மூன்று தறிகளின் சத்தத்துக்குள்ளேயே சமைத்தாள், பிள்ளை பெற்றாள், பகலில் கண் அயர்ந்தாள். தறிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், "எந்தச் சத்தம்?" என்றிருப்பாள்.

ஓர் ஆடி மாதத்தில் தம்பி மனைவி பித்தளை அண்டாவைத் தரையில் வைத்தாள். வைத்தாள், போடவில்லை. என் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். தம்பி மனைவி பயந்துபோய், "இன்னாக்கா, கால்ல கீல்ல பட்டுச்சா?" என்றாள். அண்டா நாலு அடி தள்ளி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிணற்று ராட்டினம், அம்மிக்கல், தெருவில் உப்பு விற்கிறவன் குரல். கடைசியாகத் தறி. முப்பது வருஷம் கேட்காத சத்தம் திடீரென்று அவளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"காதுல இல்லீங்க" என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வுழுது. தறி அச்சு அடிக்கிறப்பல்லாம் உள்ளே ஏதோ எகிறுது. அடி வுழறதுகூட பரவால்ல. அடுத்தது வுழப்போவுது, வுழப்போவுதுன்னு காத்துக்கினே இருக்கறேன் பாருங்க, அதான் தாங்க முடியல."

அந்த வருஷந்தான் அவளுக்கு மாத விலக்கு ஒழுங்கு தப்பியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவக்கும், கழுத்து நனைந்துவிடும், விசிறியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். தூக்கமும் போய்விட்டது. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் அதைப் பற்றிப் பேசுவது முறையில்லை, பெண்கள் பேசவில்லை.

வைத்தியர் பித்தம் என்றார். தலைக்கு ஓர் எண்ணெய், காதுக்கு ஓர் எண்ணெய் கொடுத்தார். அடுத்த தெருக்காரர் ஒருவர் காற்றுச் சேஷ்டை என்று கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொடுத்தார். தம்பி மனைவிக்கு வேறு கருத்து. அதை அவள் அடுப்பங்கரையில் பாத்திரங்களிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "வாத்தியார் பொண்டாட்டின்ற திமிரு. நானும் இதே வூட்லதான் கீறேன். எனக்கு இன்னா காது இல்லியா?"

அவளையும் குறை சொல்வதற்கில்லை. அவள் பாவு நூல் சுற்ற வேண்டும், குச்சியில் ஊடைநூல் தார் சுற்ற வேண்டும், ஐந்து பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட வேண்டும். கூட உழைத்த கை ஒன்று இப்போது காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

என் மனைவி தானாகவே ஒரு வைத்தியம் செய்துகொண்டாள். தறியில் அறுந்து விழுகிற பட்டு இழைகளைத் திரட்டி, எண்ணெயில் உருட்டி, காதில் அடைத்துக்கொண்டாள். தறி அடங்கியது. ஆனால் பால் பொங்கி அடுப்பு அணைந்ததும் அவளுக்குத் தெரியவில்லை, கூப்பிட்டால் கேட்கவில்லை. அதோடு, "என் நெஞ்சு அடிச்சிக்கறது எனக்கே கேக்குதுங்க, அது தறியவிட மோசம்" என்று பிடுங்கி எறிந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை நானும் செய்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டிலுள்ள சத்தங்களை வகை வகையாக எண்ணினேன். இருபத்திரண்டு வகை. அவற்றில் நிறுத்தக்கூடியவை எவை என்று பார்த்தால் நாலே நாலுதான் தேறின. ராட்டினத்துக்கு எண்ணெய் போடலாம். மற்ற மூன்றும் என்னுடையவை: பொடி டப்பாவின் மூடியைச் சொடுக்குவது, தொண்டையைச் செருமுவது, மிதியடி போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பது. மூன்றையும் விட்டேன். பொடி டப்பா மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மிச்சம் பதினெட்டு அப்படியே இருந்தன. அவற்றுள் முதலாவது தறி.

தறி நிற்கும் நாள் ஒன்று உண்டு, அமாவாசை. அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். அன்று அவள் வேறு மனுஷியாக இருப்பாள். காலையில் பூ தொடுப்பாள். தம்பி பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவாள். மத்தியானம் சாப்பிட்ட இடத்திலேயே ஒருக்களித்துப் படுத்துச் சாயங்காலம்வரை தூங்குவாள். மறுநாள் காலையில் தம்பி மிதியை மிதித்ததும் அந்த முகம் போய்விடும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தம்பியிடம் போனேன். "தினம் மத்தியானம் ஒரு நாழிகை தறியை நிறுத்து. நீங்களும் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"அண்ணே, நீ படிச்சவன், நான் சொல்லக்கூடாது" என்றான். "நாங்க மூணு பேரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எழுந்து சாப்பிடறதே மூணு தறியும் ஒண்ணா நிக்கக்கூடாதுன்னுதான். அமாவாசைக்கு நிக்கும், இல்லாட்டி எழவுக்கு நிக்கும். நல்லா இருக்கற வூட்ல நடு மத்தியானத்துல தறிய நிறுத்தறதா? தெருவுல இன்னான்னு நெனப்பாங்க? அண்ணிய கொஞ்ச நாளு மாகறலுக்கு அனுப்பிடேன்."

மாகறலில் அவளுடைய அண்ணன் இருந்தார். வீட்டில் தறி இல்லை. நிலம், இரண்டு மாடு. சொல்லியனுப்பினோம். வருகிற வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருவதாகப் பதில் வந்தது.

அவள் மறுத்துப் பேசவில்லை. நாலு புடவையை மடித்து வைத்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அங்க போனா தூங்குவேன். இல்லன்னு சொல்லல. ஆனா அங்க நான் ஆரு? அண்ணன் வூட்டுக்கு ஒரு வாய் கூட. கொஞ்ச நாளுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இது கொஞ்ச நாள்ல தீரலன்னா? இங்கதாங்க என் அடுப்பு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாழ வந்த வீட்டைவிட்டு, அந்த வயசில், பெட்டியோடு போகிற பெண்ணைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். போனால் வரமாட்டாள் என்றே எனக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை. எனக்கு ஜலதோஷமும் காய்ச்சலும். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, வாசற்பக்கம் தலையைக் காட்டவில்லை. மத்தியானம் கூடத்து மூலையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதை வழியிலேயே மாடத்தில் வைத்துவிட்டாள். நேரே தம்பியின் தறிக்குப் போனாள். அச்சுப் பலகை முன்னே வந்து அடித்துவிட்டுப் பின்னால் போகும்போது அதன் வழியில், நெய்த துணியின் விளிம்பில், உள்ளங்கையை வைத்தாள்.

தம்பி பலகையைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தினான். கொஞ்சம் தவறியிருந்தால் அவள் விரல்கள் போயிருக்கும்.

"அண்ணி! கைய எடுங்க!"

எடுக்கவில்லை. "ஒரு நாழி, தம்பி" என்றாள். அவள் கையை இன்னும் அழுத்தியதில் பாவு இழைகள் தாழ்வதைப் படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

தம்பி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். முப்பது வருஷமாகச் சோறு போட்ட முகம். ஊடைநூல் ஓட்டும் நாடாவை மடியில் வைத்துவிட்டு மற்ற இரண்டு தறிகளையும் பார்த்துக் கையைக் காட்டினான். இரண்டாவது நின்றது. மூன்றாவது நின்றது.

அவள் அங்கேயே, தறிக்குப் பக்கத்திலேயே, வெறும் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். நான் எழுந்து தலையணை கொண்டுவருவதற்குள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். தம்பி மனைவி தார்க் குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றாதது ஒன்று. எங்கள் தெருவில் இழவு விழுந்தால் யாரும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை. அந்த வீட்டுத் தறி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நெய்கிறவனுக்கு அது உடனே தெரியும், அவன் நிறுத்துவான். அவன் தறி அடங்கியதைக் கேட்டு அடுத்தவன். இப்படியே தெரு முழுக்க அடங்கிவிடும். பிறகுதான் யார் என்று பார்க்க வருவார்கள்.

வலது பக்கத்து வீட்டுத் தறி நின்றது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் சாப்பிட எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். எதிர் வீடு நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையார்பாளையத்தில் நான் அதுவரை கேட்டேயிராத ஓர் அமைதி. காக்கை ஒன்று ஓட்டின்மேல் நடப்பது கேட்டது.

வாசலில் ஒப்பாரி கிளம்பியது. பக்கத்து வீட்டு முதிய அம்மாள், தெருவில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவருடையதுதான்.

"நாலெழுத்து படிச்ச ராசாவே! மூணு நாளா காங்கலியேன்னு நெனச்சனே! இருமி இருமியே போயிட்டியே!"

கதவைத் திறந்தேன். போர்வையோடுதான் நின்றேன். அந்த அம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் தலையை அவிழ்த்துப்போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர், இடுப்பில் துண்டு கட்டிய ஆண்கள் அதற்கு இரண்டு மடங்கு.

"அட பாவி மனுசா, நீ உசுரோடவா கீற?"

"சத்தம் போடாதீங்க" என்றேன் கிசுகிசுப்பாக.

"அப்ப ஆரு போனது?"

"யாரும் போகல. தூங்கறா."

"தூங்கறாளா? தூங்கறதுக்கா தறிய நிறுத்துவாங்க?"

அதற்குள் யாரோ ஆள் அனுப்பிச் சங்கு ஊதுகிறவரையும் வரவழைத்துவிட்டார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வழக்கப்படி வாசலைப் பார்த்து நின்று, சங்கை உதட்டில் வைத்துவிட்டார். காய்ச்சலோடு நான் அப்படி ஓடியது அதுதான் முதல் தடவை. சங்கின் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டேன். அவர் ஊதிய காற்று எங்கும் போக வழியில்லாமல் அவருடைய கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றன. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

ஆண்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெருவே வேலைய போட்டுட்டு வந்து நிக்குது வாத்தியாரே" என்றார் எதிர் வீட்டுக்காரர். "நாளைக்கும் உங்க வூட்ல தூங்குவாங்களா? நாங்க தெனம் வந்து தெனம் அழுவணுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. அவளுக்குச் சத்தம் ஆகவில்லை, ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்று ஏதோ சொன்னேன். ஒப்பாரி வைத்த அம்மாள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தறிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தவளை வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்து அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அந்த வயசுல வந்துச்சு" என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "கொழந்த அழுதா தூக்கி எறிஞ்சிடலாமான்னு வரும். ஆரு கிட்ட சொல்றது? துணி தோய்க்கப் போறேன்னு பாலாத்துக்குப் போயிடுவேன். மணல்ல குந்திக்கினு இருந்துட்டு, தோச்ச துணியையே மறுபடி தோச்சி எடுத்துக்கினு வருவேன்."

"நான் நெல்லு குதிருக்குள்ள தலைய வுட்டுக்கினு நிப்பேன்" என்றாள் பின்னாலிருந்த இன்னொருத்தி. "எங்க வூட்டுக்காரு, நெல்லு திருடறேன்னு நெனச்சிக்கினாரு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது ஒருத்தி சிரிக்கவில்லை. "என்னை பேய் புடிச்சிக்கிச்சுன்னு மாமியாரு கட்டி வெச்சாங்க" என்றாள். "எட்டு நாளு. நீங்கள்லாம் வந்து பாத்தீங்களே." பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தம்பி மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு. உள்ளே போனாள். மாவுக் கிண்ணத்தோடு வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று கூட்டத்தை விலக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, நடு மத்தியான வெயிலில் குனிந்து கோலம் போட ஆரம்பித்தாள். ஐந்து புள்ளி, சின்னக் கோலம்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"எழவு வூட்ல கோலம் போடுவாங்களா?" என்றாள் தலையை நிமிர்த்தாமலே. "போடமாட்டாங்க இல்ல? எங்க வூட்டு தறி மத்தியானத்துல நின்னா முதல்ல வாசல பாருங்க. புதுக் கோலம் இருந்தா அக்கா தூங்கறாங்கன்னு அர்த்தம். உங்க உங்க தறிய அடிச்சிக்கினு இருங்க. கோலம் இல்லன்னா அப்ப வந்து அழுவுங்க."

ஆண்கள் ஒவ்வொருவராகத் தறிக்குத் திரும்பினார்கள். சங்குக்காரர் மட்டும் தாம் நடந்து வந்ததற்கு என்ன வழி என்று கேட்டார். அவருக்குச் சாப்பாடு போட்டோம்.

அப்புறம் ஏறக்குறைய மூன்று வருஷம், தினமும் மத்தியானம் ஒரு நாழிகை எங்கள் தறிகள் நின்றன. கோலத்தைத் தம்பி மனைவியே போட்டாள். வேறு யாரையும் போட விடவில்லை. பக்கத்து வீட்டுத் தறிகள் அடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அது சுவருக்கு அப்பால், பரவாயில்லை என்றாள். தம்பி முதல் மாதம் முணுமுணுத்தான். பிறகு அவனும் அந்த நேரத்தில் தூங்கப் பழகிவிட்டான். அவன் குறட்டை ஒரு புதுச் சத்தம். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வியாதிக்கு மருந்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தானாக வந்தது தானாகவே மெல்ல மெல்லத் தணிந்தது. அதுவரைக்கும் நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் புதன்கிழமை வண்டி வேண்டாம் என்று சொல்லியனுப்ப எங்களுக்குத் தோன்றவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. மாகறலிலிருந்து அவளுடைய அண்ணன் சொன்னபடி வந்தார். சரியாக அந்த நாழிகையில்தான் வண்டி வாசலுக்கு வந்தது. அவர் கோலத்தைப் பார்த்தார். உள்ளே தறி ஓடவில்லை என்பதையும் கவனித்தார். ஒன்றும் விளங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

"பொட்டி எங்கம்மா?" என்றார்.

"நான் வரல அண்ணே. உள்ளே வா, சாப்பிடு. சாப்பிட்டுட்டு வண்டிய திருப்பு."

"தேவலாயிடுச்சா?"

"இல்ல. அடிச்சா இன்னும் எகிறுதுதான். ஆனா நிறுத்துவாங்க இல்ல, அது தெரிஞ்சா போதும். இருந்துக்குவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தங்கை மீது அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை; அன்றும் வரவில்லை. சாப்பிட்டார். அவள் கூடவே உட்கார்ந்து பரிமாறினாள். வெளியே வந்தபோது தறிகள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மாடுகளின் கழுத்தில் பெரிய பெரிய மணிகள். வண்டியைத் திருப்பினால் அந்த ஓசை நேரே அவள் நெஞ்சில் போய் விழும். அவர் மூக்கணாங்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கைக்கு ஒரு மாடாக மணிகளின் நாக்குகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாட்டுக்கும் நடுவே முதுகை வளைத்து, கால் மாட்டுக் குளம்பில் மிதிபடாமல் பார்த்துக்கொண்டு, தெருக்கோடிவரை அப்படியே நடந்து போனார். தெருமுனையில் அவர் திரும்பி மறைகிற மட்டும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.